பழைய உடலும் புதிய எஞ்சினும்

பழைய காரொன்றைப் புதுப்பிக்க முனைவோர் முன் பல கேள்விகள் எழுகின்றன. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுப்பதா, ஒட்டுப் போடுவதா? எந்த வண்ணம் பூசுவது? இருக்கைக்குத் தோல் உறையா, துணி உறையா? இவையெல்லாம் கைத்திறனும் பணமும் சேர்ந்து விடை காண வேண்டியவை. ஆனால், ஒரு கேள்வி மட்டும் சற்று ஆழமானது. பழைய எஞ்சினையே பிரித்துச் சீராக்கி மீண்டும் பொருத்துவதா, அல்லது அதைவிட ஆற்றல் மிக்க வேறோர் எஞ்சினை வைப்பதா? மேலோட்டமாகப் பார்த்தால் இது பட்டறைக்குள் முடிய வேண்டிய விவகாரம். ஆயினும், ஒரு பொருளில் நாம் போற்றுவது எதனை, அதன்மீது நமக்குள்ள உரிமை எவ்வளவு, பிறருக்கு எந்த அளவு உண்மை சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்னும் அறக்கேள்விகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன.

பென்னலூரில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துக் கேள்வி அன்று. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நம் ஊரைச் சுற்றி வாகனத் தொழில் வேரூன்றிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லர் கனரக வாகன ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2007 முதல் செங்கற்பட்டுக்கு அருகே மகிந்திரா சிட்டியில் கார்களைப் பொருத்தி வருகிறது. ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கும் நம் இளைஞர்களுள் பலர் எஞ்சினின் உள்ளும் புறமும் அறிந்தவர்கள். ஆலையில் அவர்கள் கைவழியே செல்லும் எஞ்சின்கள் ஒன்றுபோல் ஒன்றாக இருக்கும். விடுமுறை நாளில் பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு அமரும்போதோ நிலைமை வேறு. அங்கே இருப்பது ஒரே ஒரு வண்டி; அதற்கென்று ஒரு வரலாறும் உண்டு. ஆலையில் வரைபடம் முடிவு செய்கிறது. இங்கே மனிதன் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நான்கு வழிகள்

தெளிவுக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1968 முதல் 1975 வரை வெளியிட்ட 'ஈ9' வகைக் கூப்பே அது. கூப்பே என்பது இரண்டே கதவுகளும் பின்னோக்கித் தாழ்ந்து சரியும் கூரையும் உடைய கார். இதன் உடலைச் செய்து தந்தது கார்மன் என்னும் ஜெர்மானிய நிறுவனம். மெல்லிய தூண்களும் அகன்ற கண்ணாடிகளும் இதன் அழகு. துரு இதன் தீராத நோய். முகப்பினுள் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் 'எம்30' எஞ்சின். முதலில் வந்த 2800 சி.எஸ். காருக்கு 170 குதிரைத்திறன். 1971இல் வந்த 3.0 சி.எஸ். காருக்கு 180. உலகெங்கும் ஆர்வலர்கள் இக்காரைத் தேடிப் புதுப்பிக்கிறார்கள்.

இத்தகைய 3.0 சி.எஸ். ஒன்று, எஞ்சின் தேய்ந்த நிலையில், ஒருவர் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்முன் நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, பழைய எஞ்சினையே பிரித்து, சிலிண்டரைப் போரிங் செய்து, புதிய பிஸ்டன் இட்டு, கிராங்கைச் சீராக்கிப் பூட்டுவது. இரண்டாவது, அதே எம்30 வமிசத்தில் 1980களில் வந்த 3.5 லிட்டர் எஞ்சினை வைப்பது. அதன் ஆற்றல் 211 குதிரைத்திறன். எரிபொருள் பம்பையும் மின்கம்பி இணைப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கும். மற்றபடி பெரிய அறுவை இல்லாமல் அது பொருந்தும். மூன்றாவது, எம்5 என்னும் விரைவுக் காரின் 315 குதிரைத்திறன் எஞ்சினை வைப்பது. நான்காவது, வமிசத்தையே விட்டு வேறொரு நாட்டு எஞ்சினையோ மின் மோட்டாரையோ பொருத்துவது.

இவற்றுள் எது சரி? பணமும் விருப்பமும் உள்ளவன் எதையும் செய்யலாம் என்பது ஒரு விடை. பழையதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றலாகாது என்பது மற்றொரு விடை. இரண்டும் சிந்தனையைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுகின்றன.

அது அதே கார்தானா?

எஞ்சினை மாற்றிய பின்னும் அது அதே கார்தானா என்னும் ஐயம் மிகப் பழையது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தீசியுசின் கப்பலைப் பற்றிக் கூறுகிறார். ஏதென்சு நகரத்தார் அதனைப் போற்றிக் காத்தனர். உளுத்த பலகைகளை அகற்றி ஒவ்வொன்றாகப் புதுப்பலகை சேர்த்தனர். எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸ் மேலும் ஒரு சிக்கலைச் சேர்த்தார்: கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் திரட்டி வைத்து மீண்டும் கப்பலாகக் கட்டினால், இரண்டில் எது தீசியுசின் கப்பல்?

இதற்கு நம் மண்ணிலேயே மூன்று சான்றுகள் உள்ளன.

முதலாவது, புல்லட் மோட்டார் சைக்கிள். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மறைந்த பின்னும் புல்லட் இங்கே வாழ்ந்தது. அதன் வார்ப்பிரும்பு எஞ்சின் பல பத்தாண்டுகள் ஓடி ஓய்ந்தது. அதன் இடத்துக்கு, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. வலக்காலில் இருந்த கியர் இடக்காலுக்கு மாறியது. 2023இல் வேறொரு புது எஞ்சினோடு புல்லட் மீண்டும் வந்தது. பழைய ஓசை போயிற்றே என்று ஏங்குவோர் இன்றும் உண்டு. ஆனால், அதைப் புல்லட் அன்று என்று சொல்வோர் அரியர்.

இரண்டாவது, அம்பாசடர். பெட்ரோல் எஞ்சினோடு பிறந்த அந்தக் கார் 1980இல் டீசல் எஞ்சினையும், 1990களில் ஜப்பானின் இசுசு எஞ்சினையும் ஏற்றது. 2014இல் உற்பத்தி நிற்கும்வரை அது அம்பாசடராகவே இருந்தது. நிறுவனம் செய்ததை நம் ஊர்ப் பட்டறைகளும் செய்தன. பெட்ரோல் செலவு கட்டாத வாடகைக் கார்க்காரர்கள், மெட்டாடர் வேனின் டீசல் எஞ்சினை அம்பாசடருக்குள் இறக்கி ஓட்டிய காலம் பலருக்கும் நினைவிருக்கும்.

மூன்றாவது, ஸ்டாண்டர்டு 2000. சென்னையை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் அதனை வெளியிட்டது. அதன் உடல், ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த காராகத் தேர்வு பெற்ற ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் அவ்வுடலுக்கு 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினும் கொடுத்திருந்தார்கள். இங்கேயோ, 1940களில் பிறந்த வான்கார்டு காரின் வழியில் வந்த இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். விலை உயர்ந்த அந்தக் கார் எரிபொருளை மிகுதியாகக் குடித்தது. தோற்றம் தந்த எதிர்பார்ப்பை ஓட்டம் நிறைவேற்றவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது.

இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. எஞ்சின் மாறியதால் மட்டும் ஒரு வண்டி தன் இயல்பை இழந்துவிடுவதில்லை, புல்லட் இழக்கவில்லை. பெயர் பெற்ற உடல் வாய்த்ததால் மட்டும் அது தன் இயல்பைப் பெற்றுவிடுவதுமில்லை. ஸ்டாண்டர்டு 2000 பெறவில்லை. பொருளின் தன்மை அதன் பகுதிகளில் ஒன்றில் மட்டும் இல்லை. அப்பகுதிகளை இணைக்கும் அமைப்பிலும், அது எந்த நோக்கத்துக்காக ஆக்கப்பட்டதோ அதிலும் இருக்கிறது. பருப்பொருளோடு வடிவத்தையும் நோக்கத்தையும் சேர்த்தே ஒன்றை அறிய வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கூறியதன் கருத்தும் இதுவே. ஆகவே, 'மாற்றலாமா, கூடாதா' என்னும் கேள்வியைக் காட்டிலும், 'இந்த உடல் எதற்காகச் செய்யப்பட்டது, எவ்வளவைத் தாங்கும்' என்னும் கேள்வியே முதன்மையானது.

தாங்கும் அளவு

எஞ்சின் என்பது தனித்து நிற்கும் பொருளன்று. அது பெருக்கும் ஆற்றலைக் கிளட்சு ஏற்க வேண்டும்; கியர்பாக்ஸ் தாங்க வேண்டும்; பின்னச்சு சுமக்க வேண்டும்; இறுதியில் பிரேக் அடக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 120ஐத் தொட்டால், வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. நிறுத்தும்போது பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்காகிறது.

காரைச் செய்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 2800 சி.எஸ். காரின் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கே இருந்தது. 180 குதிரைத்திறனோடு 3.0 சி.எஸ். வந்தபோது நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். பத்துக் குதிரைத்திறன் கூடியபோதே பிரேக்கையும் கூட்டினார்கள் என்பது நம் சிந்தனைக்குரியது. அவ்வாறிருக்க, 135 குதிரைத்திறனைக் கூட்டி, அரை நூற்றாண்டுப் பழைய, துரு அரித்த உடலுக்குள் 315ஐ இறக்குபவர் எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும்! இம்மூன்றாம் வழியை விரும்புவோர், எம்5 எஞ்சினும் எம்30 வழிவந்ததே என்று சமாதானம் சொல்வதுண்டு. அது உண்மையே. ஆயினும், வமிசம் ஒன்றாயிருப்பதால் சுமை குறைந்துவிடாது.

டீசல் இறக்கிய அம்பாசடரும் இதையே கற்பித்தது. கனமான எஞ்சின் முன்புறத்தை அழுத்தியது. அதிர்வு உடலெங்கும் பரவியது. அதை உணர்ந்த நல்ல மெக்கானிக்குகள் மவுண்டிங்கை வலுப்படுத்தினார்கள். முன்புற ஸ்பிரிங்கைக் கவனித்தார்கள். ஓட்டுநரிடம் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். அவர்கள் பொறியியல் கல்லூரியின் வாயிலை மிதிக்காதவர்களாக இருக்கலாம். ஒன்றைக் கூட்டினால் அதைத் தாங்கும் மற்றொன்றையும் கூட்ட வேண்டும் என்னும் விவேகம் அவர்களிடம் இருந்தது. விவேகம் என்பது அஞ்சி ஒதுங்குவதன்று. நல்ல நோக்கத்துக்குச் சரியான வழியைத் தெரிவு செய்யும் அறிவு. வண்டி செல்லும் சாலையில் நாம் மட்டும் இல்லை. ஷிப்டுக்கு விரையும் தொழிலாளியும், பள்ளிப்பிள்ளையும், மாடு ஓட்டிச் செல்லும் முதியவரும் அதே சாலையில்தான் செல்கிறார்கள். அவர்களுக்கு நம் காரின் எஞ்சின் எதுவென்று தெரியாது. பிரேக் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் அவர்கள் சாலையைக் கடக்கிறார்கள்.

ஆகவே, எஞ்சினின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது நம் ஆசையின் உச்சம் அன்று. அந்த வண்டியில் உள்ள மிக மெலிந்த உறுப்பே.

அடுத்தவருக்குச் சொல்லும் உண்மை

இரண்டாவது அறக்கேள்வி உண்மையைப் பற்றியது. பழைய கார் ஒருவர் கையோடு முடிவதில்லை. இன்று நம்மிடம் இருப்பது நாளை வேறொருவரிடம் செல்லும். எஞ்சினில் பொறித்த எண்ணும் சேசிஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று வாங்குவோர் பார்க்கிறார்கள். பிறந்தபோது இருந்த எஞ்சினே இன்றும் இருக்கிறது என்றால் விலை பெரிதும் உயர்கிறது. சோதனையும் இங்கேதான் நுழைகிறது. எண்ணை அழித்து வேறெண் பொறித்தவர்களைப் பற்றி வாகன உலகம் நன்கு அறியும்.

13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினா தம் இறையியல் பெருநூலில், விற்பவர் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று ஆராய்கிறார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று அக்காலத்து வாகனமாகிய குதிரை. ஒற்றைக் கண் குதிரையின் குறை பார்ப்பவருக்கே தெரியும்; விலையையும் அதற்கேற்பக் குறைத்தால், விற்பவர் அதனை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. ஆனால், நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்று விற்பது போன்று, மறைந்திருந்து வாங்குவோருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையைச் சொல்லாமல் விடுவது அநீதி என்பது அவர் முடிவு. முகப்பு மூடிக்குள் மறைந்திருக்கும் எஞ்சின் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தோற்றத்தில் 180 குதிரைத்திறன் கொண்ட கார், உள்ளே 315ஐ வைத்திருந்தால் அதை ஓட்டப்போகும் கைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இன்றைய விதிகளும் இதையொட்டியே அமைந்துள்ளன. எஞ்சின் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது நம் சட்டம். 2021 ஜூலையில் நடுவண் அரசு பழமை வாகனங்களுக்கெனத் தனிப்பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுக்கு மேலாகி, சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ மாற்றம் இன்றி மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கே 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். ஜெர்மனியில் 1997 முதல், 30 ஆண்டு கடந்து மூல நிலையில் பேணப்படும் வண்டிகளுக்கு 'எச்' எழுத்துள்ள எண்பலகை வழங்கப்படுகிறது. பன்னாட்டுப் பழமை வாகனக் கூட்டமைப்பாகிய ஃபிவா 2013இல் வெளியிட்ட துரின் சாசனம், மாற்றம் செய்வோர் அதனை எழுதிவைக்க வேண்டும் என்றும், கழற்றிய மூல உறுப்புகளை வண்டியோடு பாதுகாக்க வேண்டும் என்றும் வழிகாட்டுகிறது. ஹாப்ஸ் புதிராக எழுப்பியது இங்கே நடைமுறை அறிவுரையாகிவிட்டது: பழைய பலகையை எறிந்துவிடாதே, பின்னர் வருபவர் மீண்டும் கட்ட விரும்பலாம்.

பழைய எஞ்சினைப் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிட்டால், நாம் எடுத்த முடிவு அடுத்த தலைமுறையின் முடிவையும் சேர்த்து எடுத்ததாகிவிடும். எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி, ஒரு மூலையில் வைத்தால், அவர்களின் உரிமையை அவர்களுக்கே விட்டுவைத்தவராவோம்.

இரண்டு மறுப்புகள்

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். நாள்கூலியிலும் ஒப்பந்த வேலையிலும் குடும்பம் நடத்துவோர் நிறைந்த நம் ஊரில், ஜெர்மன் கூப்பேயின் எஞ்சினைப் பற்றிச் சிந்திப்பது செல்வர் விளையாட்டு அல்லவா என்பது முதலாவது. இது நியாயமான மறுப்பே. வீட்டில் பிள்ளையின் படிப்புச் செலவு காத்திருக்க, பட்டறையில் பணத்தைக் கொட்டுபவர் எந்த எஞ்சினைத் தேர்ந்தாலும் தவறாகத்தான் தேர்கிறார். ஆயினும், கேள்வி செல்வருக்கு மட்டும் உரியதன்று. தந்தை விட்டுச்சென்ற புல்லட்டோ பழைய டி.வி.எஸ். 50ஓ வைத்திருப்பவருக்கும் இதே கேள்வி உண்டு. பிழைப்புக்காக டீசல் எஞ்சின் இறக்கிய வாடகைக் கார்க்காரர் தேவையால் மாற்றினார். தெருவில் பிறர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக மாற்றுபவர் ஆசையால் மாற்றுகிறார். செயல் ஒன்றே, அதன் அறமதிப்பு ஒன்றன்று. தேவைக்கு நாம் இடம் கொடுக்கும் அளவுக்கு வீண்பெருமைக்கு இடம் கொடுக்க இயலாது.

மூல வடிவமே புனிதம், எதையும் தொடலாகாது என்பது இரண்டாவது மறுப்பு. இதிலும் ஓர் உண்மை இருக்கிறது: செய்தவரின் உழைப்பை மதிப்பது. ஆனால், கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. சிலிண்டர் பிளாக் வெடித்து, மாற்றுப் பிளாக்கும் கிடைக்காத நிலையில், மூல எஞ்சின் என்பதற்காகவே அதை முகப்பினுள் வைத்துக் காரைக் கூடத்தில் நிறுத்திவிடுவது, செய்தவரின் நோக்கத்தைக் காப்பதாகுமா? அருங்காட்சியகத்துக்கு அது பொருந்தும். எல்லாக் கார்களும் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டியவையல்ல.

நம் முடிவு

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில் நமக்குத் தோன்றும் வரிசை இது. பழைய எஞ்சின் சீராக்கத்தக்க நிலையில் இருந்தால் முதல் வழியே முறை. செலவு சற்றுக் கூடினும், வண்டியின் வரலாறு அறுபடாமல் தொடரும். பழமை வாகனப் பதிவுக்கும் தகுதி நிற்கும். அது இயலாதபோது இரண்டாம் வழி ஏற்புடையது. அதே வமிசத்து எஞ்சின், சற்றே கூடிய ஆற்றல், அதற்கேற்பச் செப்பனிட்ட பிரேக், மூலையில் பாதுகாத்த மூல எஞ்சின், ஆர்.சி. புத்தகத்தில் பதிந்த உண்மை ஆகிய ஐந்தும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த வழியில் 'வி.ஏ.' எண் கிடைக்காமல் போகும். அந்த இழப்பை நேர்மையோடு ஏற்க வேண்டுமேயன்றி, பழைய எண்ணைப் புதிய எஞ்சினில் வெட்டி மறைக்கலாகாது.

மூன்றாம் வழியை நாம் பரிந்துரைக்க இயலவில்லை. அதைச் செய்தே தீருவோம் என்போர், உடலையும் அச்சையும் பிரேக்கையும் முழுவதும் மாற்றிய பின் அதைப் பழைய காரின் புதுப்பிப்பு என்று அழைக்க வேண்டாம். பழைய காரின் தோற்றத்தில் தாம் செய்த புதிய கார் என்று அழைக்கட்டும். நான்காம் வழிக்கும் இதுவே பொருந்தும். மின் மோட்டார் புகையைத் தவிர்க்கும் என்பது நல்ல காரணமே. எனினும், அரசு ஏற்ற கருவித் தொகுப்பைக் கொண்டு, பின்னர் பழைய நிலைக்குத் திருப்பத்தக்க விதத்தில் அதைச் செய்தால்தான், வருங்காலத்துக்கு நாம் செய்த நன்மை முழுமை பெறும்.

கையில் ஸ்பானரோடு அமர்ந்திருக்கும் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். எஞ்சினைத் தேர்வதற்கு முன் காரின் அடியில் படுத்து அதன் தளத்தைத் தட்டிப் பாருங்கள். பிரேக் குழாய்களைத் தடவிப் பாருங்கள். அது எவ்வளவைத் தாங்கும் என்று கேட்டறியுங்கள். அதன்பின் வீட்டாரிடம் செலவைச் சொல்லுங்கள். நாளை இந்தக் காரை வாங்குபவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லத்தக்க விதத்தில், செய்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். இவற்றைச் செய்து முடிக்கும்போது எந்த எஞ்சின் என்னும் கேள்விக்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிட்டிருக்கும்.